பிஞ்சுக் கைகளுக்கு ஒரு சித்திரப் பலகை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. காஞ்சியில் வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றால், திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிற்றறைகளில் பழைய ஓவியங்களின் வண்ணத் துணுக்குகளை இன்றும் காணலாம். சுவர் நின்றது; ஆகவே சித்திரமும் நின்றது.

இக்காலக் குழந்தைகளுக்கு ஒரு புதிய சுவர் கிடைத்திருக்கிறது. அதுதான் கணிப்பொறியின் திரை. வண்ணக் குச்சி தேய்வதில்லை, தாள் தீர்வதில்லை, ஆடையில் சாயம் படிவதில்லை. ஆயினும் எழுத்தறியாத நான்கு வயதுக் குழந்தையை அதன்முன் அமர்த்தினால், அவள் ஆர்வத்தோடு வரையத் தொடங்குவாளா, அல்லது எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று கையை மடியில் வைத்துக்கொள்வாளா? இது குழந்தையின் அறிவைப் பொறுத்ததன்று. அந்தத் திரையை அமைத்தவர் எவ்வளவு சிந்தித்து அமைத்தார் என்பதையே பொறுத்தது.

மனிதருக்கும் பொறிக்கும் இடையே நின்று, ஒருவர் கருத்தை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் முகப்பை 'இடைமுகம்' என்று அழைக்கிறோம். திரையில் தோன்றும் பொத்தான்கள், படக்குறிகள், சொற்கள், ஒலிகள் யாவும் இதில் அடங்கும். சிறுவர்கள் படம் வரைவதற்கான மென்பொருளுக்கு எளிய இடைமுகம் எப்படி அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தறி கற்பிக்கும் பாடம்

முதலில் நமக்கு நன்கு அறிமுகமான தறியைப் பார்ப்போம். பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் நாம் கண்டு மகிழும் அன்னமும் மயிலும் இருதலைப்பட்சியும் முதலில் கட்டம் போட்ட தாளில் பிறக்கின்றன. எந்தக் கட்டத்தில் பாவு இழை மேலே வர வேண்டும், எதில் ஊடை மேலே வர வேண்டும் என்பதை அந்தக் கட்டங்கள் சொல்கின்றன. ஜக்கார்டு பெட்டி வருமுன் இக்கணக்கை நூல்களில் கட்டித் தறியில் ஏற்றினார்கள். அதற்கு 'அடை' என்று பெயர். நெய்பவருக்குத் துணையாக ஓர் ஆள் அந்த நூல்களை முறை தவறாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும்.

பிரான்சு நாட்டின் பட்டுத் தறிகளிலும் இத்தகைய முறை இருந்தது. அங்கே நூல் இழுக்கும் கடும் வேலை பெரும்பாலும் சிறுவர்களின் தலையில் விழுந்தது. 1804ஆம் ஆண்டில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் பொறியைத் தறியின்மேல் பொருத்தி, அந்த வேலையை அட்டைகளே செய்யுமாறு அமைத்தார். நம் காஞ்சியிலும் கோர்வைச் சேலையில் ஒரு பக்கக் கரையின் நாடாவைப் போட்டுக் கொடுப்பதற்காக, பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த காலம் ஒன்று உண்டு. அந்த வேதனையை நம் பாட்டிமார் பலர் அறிவார்கள்.

பிள்ளையின் தோளிலிருந்து சுமையை இறக்குவதே நல்ல கருவியின் இலக்கணம். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், சிறுவர் மென்பொருளைப் பற்றிய மற்றெல்லாம் எளிதில் விளங்கும். எளிமை என்பதைச் சிலர் 'பொத்தான்களைக் குறைத்தல்' என்று மட்டும் எண்ணுகிறார்கள். குழந்தை சுமக்க வேண்டியிராத சுமையை, அமைப்பவர் தாமே ஏற்றுக்கொள்வதுதான் உண்மையான எளிமை.

வழிகாட்டியோர்

இத்துறையில் முன் நடந்தவர்களுள் பெண்கள் பலர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1967ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கென 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழி அமெரிக்காவில் உருவாயிற்று. அதை உருவாக்கியவர்களுள் சிந்தியா சாலமன் என்னும் பெண்மணியும் ஒருவர். பின்னர் 'ஆமை' என்று பெயரிட்ட ஒரு சிறு பொறி, தன் வயிற்றில் எழுதுகோலைத் தாங்கித் தரையில் விரித்த தாளின்மேல் ஊர்ந்து கோடு போட்டது. ஆனால் அதற்குக் கட்டளையிட எழுத்துகளைத் தட்ட வேண்டும். எழுத்தறியாத குழந்தை என்ன செய்யும்?

1970களின் நடுவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவி ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். முன்னே போ, பின்னே வா, இப்பக்கம் திரும்பு, அப்பக்கம் திரும்பு, எழுதுகோலை இறக்கு, ஏற்று என்பன போன்ற சில பொத்தான்களை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துக் குழந்தையிடம் தந்தார். அது பழகிய பிறகே எண்களுக்கான பெட்டி. அதுவும் பழகிய பிறகே கட்டளைகளை நினைவில் வைக்கும் பெட்டி. முதல் வகுப்பில் அரிச்சுவடி, பிறகு சொல், பிறகு வாக்கியம் என்று நம் ஆசிரியைகள் கற்பிக்கும் முறையும் இதுவே அல்லவா?

1984ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் கணிப்பொறியோடு 'மேக்பெயின்ட்' என்னும் ஓவிய மென்பொருள் வந்தது. இதை எழுதியவர் பில் அட்கின்சன். அந்தக் கணிப்பொறிக்குரிய படக்குறிகளை வடிவமைத்தவர் சூசன் கேர் என்னும் ஓவியப் பெண்மணி. அவர் எவ்வாறு வரைந்தார் தெரியுமா? கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, குறுக்கே 32, நெடுக்கே 32, ஆக 1024 கட்டங்களில் சிலவற்றைக் கருப்பாக்கிச் சிலவற்றை வெண்மையாக விட்டார். நம் ஊரில் சேலைக்கு டிசைன் போடுபவர் செய்யும் அதே வேலை! திரையின் புள்ளியும் தறியின் கட்டமும் உடன்பிறந்தவை என்பதை உணரும்போது, கணிப்பொறி நமக்கு அந்நியமானதன்று என்ற தெம்பு பிறக்கிறது.

மேக்பெயின்ட் பெரியவர்களுக்குச் சிறந்த கருவியாயிற்று. 1988ஆம் ஆண்டில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த கிரெய்க் ஹிக்மன், தம் மூன்று வயது மகன் அதில் வரைவதைக் கூர்ந்து கவனித்தார். 'மவுஸ்' எனப்படும் சுட்டியை நகர்த்தக் குழந்தை விரைவில் கற்றுக்கொண்டது. ஆனால் கை தவறித் திரையின் மேற்பகுதியைத் தொட்டால் ஏதோ ஒரு பட்டியல் விரிந்து மிரட்டியது. குழந்தையைக் குறை கூறாமல், மென்பொருளையே மாற்ற வேண்டும் என்று அத்தந்தை முடிவு செய்தார். அவ்வாறு 1989இல் பிறந்தது 'கிட் பிக்ஸ்'. செய்ததை மாற்றும் பொத்தானைத் தொட்டால் 'ஐயையோ' என்பதுபோல் ஒரு குரல் ஒலிக்கும். குழந்தை சிரித்துக்கொண்டே தன் பிழையைத் திருத்திக்கொள்ளும்.

2002ஆம் ஆண்டில் பில் கென்ட்ரிக் என்பவர் 'டக்ஸ் பெயின்ட்' என்னும் மென்பொருளை எழுதி, யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம் என்ற உரிமையோடு வெளியிட்டார். பற்பல நாட்டுத் தன்னார்வலர் உழைப்பால் அது 100க்கும் மேற்பட்ட மொழிகளில் வழங்குகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. நம் தமிழக அரசு 2019இல் வெளியிட்ட ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இதைப் பற்றிய பாடம் இடம்பெற்றது. ஆகவே நம் மாணவியர் நன்கறிந்த இந்த மென்பொருளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, நல்ல இடைமுகத்தின் இலக்கணங்களை ஆராய்வோம்.

ஆறு இலக்கணங்கள்

முதலாவது, எல்லாம் கண்முன் இருக்க வேண்டும். நன்றாக ஒழுங்குபடுத்திய அடுக்களையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடுகு டப்பாவை எடுப்பார். அதுபோல ஒவ்வொன்றும் எப்போதும் தனக்குரிய இடத்தில் இருந்தால் குழந்தை தேடி அலையாது. டக்ஸ் பெயின்டில் இடப்பக்கம் கருவிகள், வலப்பக்கம், எடுத்த கருவிக்குரிய வகைகள், கீழே வண்ணங்கள், அதற்கும் கீழே, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லித்தரும் பென்குயின் பறவை, நடுவே வெள்ளைத் தாள். ஒன்றன்மேல் ஒன்று வந்து தாளை மறைக்கும் சாளரங்கள் இல்லை. திரை முழுவதையும் அதுவே நிறைத்துக்கொள்ளுமாறு அமைத்துவிட்டால், குழந்தை வழிதவறி வேறெங்கும் போய்விடாது.

இரண்டாவது, பிஞ்சுக் கைக்கு ஏற்ற பெரிய பொத்தான்கள் வேண்டும். தொலைவில் உள்ள சிறிய குறியைத் தொட நேரம் அதிகமாகும். அருகில் உள்ள பெரிய குறியை விரைவில் தொடலாம். இதை 1954இல் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் கணக்காகவே வகுத்துக் காட்டினார். விரல்களின் கட்டுப்பாடு இன்னும் முதிராத குழந்தைக்கு இது மேலும் பொருந்தும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இழுப்பதைவிட, ஒருமுறை தொட்டு எடுத்து மறுமுறை தொட்டு வைப்பது சிறுவர்களுக்கு எளிது என்பதை கோரி இங்க்பென் 2001இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். டக்ஸ் பெயின்டில் வட்டமோ சதுரமோ வரைந்தபின் அதைச் சுழற்றும் படி ஒன்று உண்டு. மிகச் சிறியவர்களுக்கு அது குழப்பம் தருமாயின், பெரியவர்கள் அப்படியை நீக்கிவைக்க வசதி உள்ளது.

மூன்றாவது, படமும் சொல்லும் ஒலியும் ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும். எழுத்தறியாத குழந்தை படத்தைப் பார்க்கும். எழுத்துக் கூட்டும் குழந்தை படத்தின் துணையால் சொல்லைப் படிக்கும். இங்கே தமிழுக்கென ஒரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. சிறிய பொத்தானில் அடங்காமல் முட்டி நிற்கும். ஆகவே 'சேமிக்கவும்', 'அழிக்கவும்' என்று அறிவிப்புப் பலகை போல எழுதாமல், 'சேமி', 'அழி', 'வரை', 'நிரப்பு' என்று தாய் பிள்ளையிடம் பேசுவதுபோல எழுதினால் சொல்லும் சுருங்கும், அன்பும் கூடும். 'செயல்தவிர்' என்ற சொல்லைக் கேட்டுத் திகைக்கும் குழந்தை 'பழையபடி' என்றால் உடனே புரிந்துகொள்ளும். குழந்தையின் வீட்டில் வழங்கும் சொல்லே சிறந்த சொல். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் அருகில் அமர்ந்து, "இதைத் தொட்டுப் பார் கண்ணு" என்று சொல்ல இதனால் இயலும்.

நான்காவது, தவறு செய்ய அஞ்சாத நிலை வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. வாசலில் கோலம் போடும்போது ஓர் இழை தவறினால் நாம் என்ன செய்கிறோம்? விரலால் துடைத்துவிட்டு மீண்டும் இழுக்கிறோம், யாரும் அழுவதில்லை. அந்தத் துணிவுதான் அத்தனை சிறுமியரையும் கோலக் கலைஞர்கள் ஆக்கியது. மென்பொருளிலும் செய்ததைப் படிப்படியாகப் பின்னோக்கி மாற்றவும், மாற்றியதை மறுபடி கொண்டுவரவும் பொத்தான்கள் கண்முன் இருக்க வேண்டும். குழந்தை தெரியாமல் வெளியேறும் பொத்தானைத் தொட்டுவிட்டால், டக்ஸ் பெயின்ட் உடனே மூடிக்கொள்வதில்லை. உண்மையாகவே போக விருப்பமா என்று ஒருமுறை கேட்கிறது.

ஐந்தாவது, சேமிப்பது தொல்லையாகக் கூடாது. பெரியவர்களின் மென்பொருள், கோப்பின் பெயர் என்ன, எந்த உறையில் வைப்பது என்று கேள்விகளை அடுக்கும். தன் பெயரையே எழுதத் தெரியாத குழந்தை என்ன விடை சொல்லும்? டக்ஸ் பெயின்ட் பெயரே கேட்பதில்லை. சேமிக்கும் பொத்தானைத் தொட்டால் படத்தைப் பத்திரப்படுத்துகிறது. மறுநாள் திறக்கும்போது எல்லாப் படங்களையும் சிறிது சிறிதாகக் காட்டுகிறது. தான் வரைந்த யானையைக் குழந்தை பார்த்தே கண்டுபிடித்துவிடும். பெயரிட்டு அடுக்கும் சுமையைப் பொறி ஏற்றுக்கொண்டது.

ஆறாவது, பெரியவர்களுக்குரியதைத் தனியே வைக்க வேண்டும். அச்சிடுவதற்குக் கட்டுப்பாடு, ஒலி அமைப்பு, மொழித் தேர்வு ஆகியவை குழந்தையின் திரையில் இருக்க வேண்டியவை அல்ல. டக்ஸ் பெயின்டில் இவற்றுக்கென்றே தனி மென்பொருள் உண்டு. ஆசிரியையோ பெற்றோரோ முன்கூட்டியே அமைத்துவிட்டால், பிள்ளைகள் தாளும் மையும் வீணாகுமோ என்ற கவலையின்றி வரையலாம்.

எளிமையும் ஏழ்மையும்

இவ்வளவும் படித்தபின் ஒரு கேள்வி எழலாம். இத்தனை எளிதாக்கினால் குழந்தையின் கற்பனை குறுகிவிடாதா? இதற்கும் கோலமே விடை சொல்கிறது. புள்ளி, கோடு, வளைவு என்னும் சிலவற்றைக் கொண்டே நம் தாய்மார் எண்ணற்ற கோலங்களைப் படைக்கிறார்கள். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து, 1974இல் கோலங்களைப் பற்றிக் கணிப்பொறியியல் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் விதிகள் வகுக்கலாம் என்பதையும், சில விதிகளையே மீண்டும் மீண்டும் பயன்படுத்திப் பெரிய கோலங்களை உருவாக்கலாம் என்பதையும் அவர்கள் காட்டினர். கருவிகள் சிலவே ஆயினும், அவை ஒன்றோடொன்று சேரக்கூடியவை ஆயின், படைப்புக்கு எல்லையில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கருவி எளிதாக வேண்டுமேயன்றி, குழந்தை செய்ய வேண்டியதைக் கருவியே செய்துவிடலாகாது. வாக்கியம் ஒன்றைச் சொன்னால் முழு ஓவியத்தையும் நொடியில் வரைந்து தரும் மென்பொருள்கள் 2022 முதல் எங்கும் பரவிவிட்டன. அவை வியப்புக்குரியவைதாம். எனினும் நான்கு கோடு போட்டு "இது எங்க ஆயா" என்று காட்டும் குழந்தையின் படத்தில் உள்ள உயிர் அவற்றில் இராது. அச்சுக் குத்துவதுபோல ஆயத்தப் படங்களை ஒட்டும் வசதி டக்ஸ் பெயின்டிலும் உண்டு. அது ஊறுகாய் போலச் சிறிது இருக்கலாம், சோறாகிவிடக் கூடாது. சுமையை இறக்குவது அன்பு. நடக்கவே விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டால் பிள்ளைக்குக் கால் வளராது.

நாமும் அமைக்கலாம்

இடைமுகம் அமைப்பது அயல்நாட்டு அறிஞர்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. நம் உயர்வகுப்பு மாணவியர் ஒரு கணிப்பொறிகூட இல்லாமல் இதைத் தொடங்கலாம். வேண்டியவை ஒரு வெள்ளை அட்டை, கத்தரிக்கோல், வண்ணப் பென்சில், கொஞ்சம் பொறுமை.

அட்டையைத் திரையாகக் கொள்ளுங்கள். கருவிகளுக்குச் சிறு சிறு அட்டைத் துண்டுகளில் படக்குறி வரைந்து ஓரத்தில் அடுக்குங்கள். சூசன் கேர் செய்ததுபோலக் கணக்கு நோட்டின் கட்டங்களில் வரைவது நல்ல பயிற்சி. நம் ஊர்க் குழந்தை அறிந்தவற்றையே வரையுங்கள். வண்ணம் நிரப்புவதற்கு அவள் காணாத ஒரு வாளியைவிட, அப்பா நூலை முக்கும் சாயத் தொட்டி எளிதில் விளங்கும். ஒட்டுப் படங்களுக்கு மாங்காய், உருத்திராட்சம், மயில், அன்னம் என்று நம் சேலைகளிலேயே களஞ்சியம் இருக்கிறது.

பின்னர் மழலையர் வகுப்புக் குழந்தை ஒருத்தியை அழைத்து, "சிவப்பில் ஒரு வீடு வரைய வேண்டுமே, எதைத் தொடுவாய்?" என்று கேளுங்கள். அவள் விரல் எங்கே செல்கிறது, எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். இடையில் உதவிக்குப் போகக் கூடாது. அதுதான் மிகக் கடினமான பாடம். அவள் தவறான இடத்தைத் தொட்டால் குறை அவளுடையதன்று, நம் அட்டையினுடையது. மாற்றி வரைந்து மறுநாள் இன்னொரு குழந்தையிடம் காட்டுங்கள். ஹிக்மன் தம் மகனைக் கவனித்துக் கற்றதும் இதே முறையில்தான். நாலைந்து முறை திருத்தியபின், அந்த அட்டை கணிப்பொறியில் ஏற்றத்தக்க நல்ல திட்டமாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். 2011இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறி உங்கள் வீட்டுப் பரணில் பழுதின்றி உறங்கிக்கொண்டிருந்தால் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். டக்ஸ் பெயின்ட் போன்றவற்றுக்குப் புதிய, விலையுயர்ந்த பொறி தேவையில்லை. குழந்தை வரையும்போது சிறிது நேரம் அருகில் அமர்ந்து, "என்ன வரைந்தாய், சொல்லு" என்று கேளுங்கள். எந்த மென்பொருளாலும் தர இயலாத ஊக்கம் அது.

சிறு பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம் என்று தம் சீடர்களைக் கடிந்துகொண்ட ஆண்டவரின் அன்பைப் பின்பற்றும் பள்ளி நம்முடையது. பிள்ளைகளைத் தடுப்பவை கதவுகளும் அதட்டல்களும் மட்டுமல்ல. புரியாத சொல்லும், கைக்கு எட்டாத சிறு பொத்தானும், தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சமும் தடைகளே. காஞ்சிப் பட்டின் அழகுக்காக ஒரு காலத்தில் எத்தனையோ சிறு கைகள் தங்களுக்கென ஒரு கோடும் போடாமலேயே ஓய்ந்தன. இன்று அந்தக் குடும்பங்களின் பேத்திகள் நம் மழலையர் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அச்சமின்றித் தமக்குப் பிடித்ததை வரைய ஒரு நல்ல பலகையை அமைத்துத் தருவது, மூத்த சகோதரிகளாகிய நம் கடமை. அக்கடமையை மகிழ்வோடு ஏற்போமாக!